கங்கை தந்த தங்கம்

ஓடிப் புகழ் பெற்றவரையும் பந்தடித்துப் புகழ் பெற்றவரையும் நாம் அறிவோம். நீந்திப் புகழ் பெற்றவர் யார் என்றால் விடை சொல்லத் தயங்குவோம். ஆனால் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பாரதத்திற்கு முதல் தங்கப் பதக்கத்தைத் தேடித் தந்தவர் ஒரு நீச்சல் வீரரே. அவர்தாம் சச்சின் நாக்.

1920-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள் காசி மாநகரில் அவர் பிறந்தார். கங்கையே அவருடைய நீச்சல் குளம். 1930-இல், உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் பரவியிருந்த வேளையில், கங்கைக் கரையில் கூடிய கூட்டத்தைப் போலீசார் தடியடி நடத்திக் கலைத்தனர். பத்து வயதுச் சிறுவன் சச்சின் தப்பிப்பதற்காக ஆற்றில் குதித்தான். அப்போது ஆற்றில் பத்துக் கிலோமீட்டர் நீச்சல் போட்டி நடந்துகொண்டிருந்தது. போட்டியாளர்களோடு கலந்து நீந்திய அவன் மூன்றாவதாக வந்தான் என்பர். அடிக்கு அஞ்சிக் குதித்தவனைக் கங்கை வீரனாக்கிக் கரை சேர்த்தது!

பின்னர் ஜாமினி தாஸ் என்பவர் அவரைக் கல்கத்தாவிற்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். நூறு மீட்டர் நீச்சலிலும், வாட்டர் போலோ என்னும் நீர்ப்பந்தாட்டத்திலும் அவர் சிறந்து விளங்கினார்.

1947-இல் பேரிடி விழுந்தது. கல்கத்தாக் கலவரத்தின்போது அவர் காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. குணமாக இரண்டு ஆண்டுகள் ஆகும் என்றனர் மருத்துவர்கள். லண்டன் ஒலிம்பிக்கோ மறு ஆண்டே! நீந்துபவனுக்குக் கால்கள் துடுப்பைப் போன்றவை. துடுப்பு ஒடிந்தால் படகு என்னாவது? ஆயினும் அவர் தளரவில்லை. விடாது பயின்று 1948-இல் லண்டன் சென்றார். நீர்ப்பந்தாட்டத்தில் சிலி நாட்டை நாம் 7-4 என வென்றபோது, அவற்றுள் நான்கு கோல்கள் அவர் போட்டவை.

1951 மார்ச்சில் புதுடில்லியில் முதல் ஆசியப் போட்டிகள் நடந்தன. நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலை 1 நிமிடம் 4.7 விநாடிகளில் கடந்து அவர் தங்கம் வென்றார். அத்துடன் இரண்டு தொடர் நீச்சல்களிலும் வெண்கலம் பெற்றார். தொடர் நீச்சலில் முன்னவர் சுவரைத் தொட்ட பிறகே பின்னவர் குதிக்கலாம். ஒருவர் தளர்ந்தால் அனைவருக்கும் இழப்பு. கலப்புத் தொடர் நீச்சலில் காந்தி ஷா, ஜஹாங்கீர் நெய்கம்வாலா ஆகியோருடன் அவர் நீந்தினார். அன்று அதில் மூவரே நீந்தினர். பட்டர்ஃபிளை தனி நீச்சல் முறையாக ஏற்கப்பட்ட பின்னரே அது நால்வர் போட்டியாயிற்று. அந்தப் பட்டர்ஃபிளையில் 1986-இல் சியோலில் கஜான் சிங் வெள்ளி வென்றார். ஆனால் நீச்சல் பந்தயத்தில் தங்கம், 2023 ஹாங்சோ போட்டி வரை, மீண்டும் நமக்குக் கிட்டவில்லை.

1987 ஆகஸ்டு 19-இல் சச்சின் நாக் மறைந்தார். தியான்சந்த் விருது அவருக்கு வழங்கப்பட்டது 2020-இல்தான். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த அந்த விருதைக் கையில் வாங்க அவர் இல்லை.

நம் பட்டாபிராம் பக்கத்திலும் ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்கள் உண்டு. குளமில்லை, பயிற்சியாளர் இல்லை என்று நாம் சொல்வது உண்மைதான். காசிச் சிறுவனுக்கும் தொடக்கத்தில் ஆறு மட்டுமே இருந்தது. ஆனால் அவனைக் கண்டறிந்து அழைத்துச் செல்ல ஒரு ஜாமினி தாஸ் வந்தார். திறமை எங்கும் உண்டு. அதைக் காணும் கண்களே குறைவு. வீரர்களை வாழும்போதே போற்றுவோம்!