ஜான் பென்னிகுயிக்

ஜான் பென்னிகுயிக் (சனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) பிரித்தானிய இந்தியாவில் சென்னை மாகாணப் பொதுப்பணித்துறையில் பணியாற்றிய இராணுவப் பொறியியலாளர் ஆவார். மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி, அந்நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய முல்லைப் பெரியாறு திட்டத்தை நிறைவேற்றியவர். இத்திட்டத்தால் மதுரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் பாசனம் பெற்றன. அணையால் உருவான தேக்கடி ஏரி, பின்னாளில் இந்தியாவில் காட்டுயிர்களைக் காண மக்கள் பெருமளவில் செல்லும் இடங்களுள் ஒன்றானது. இவரது பெயர் தமிழில் பென்னிகுக், பென்னிகுவிக் எனவும் எழுதப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

பென்னிகுயிக் மகாராட்டிரத்தின் புனே நகரில் பிறந்தார். இவரது தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுயிக் என்பதே. பிரித்தானியப் படையில் பிரிகேடியராக இருந்த தந்தை, இரண்டாம் ஆங்கில-சீக்கியப் போரில் 1849 சனவரி 13 அன்று சில்லியன்வாலா என்னுமிடத்தில் கொல்லப்பட்டார். அதே போரில் மூத்த சகோதரர் அலெக்சாண்டரும் உயிரிழந்தார். அப்போது பென்னிகுயிக்கின் எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்களே இருந்தன.

இங்கிலாந்தின் செல்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் இராணுவக் கல்லூரியிலும் கல்வி பயின்ற இவர், சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து 1860 ஆம் ஆண்டு இந்தியா வந்தார். 1868 இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது பிரித்தானியா நடத்திய படையெடுப்பில் பங்கேற்றார். அதன் பின்னர் பொதுப்பணித்துறையில் தொடர்ந்து பணியாற்றித் தலைமைப் பொறியாளராகவும், அரசின் பொதுப்பணித்துறைச் செயலாளராகவும் உயர்ந்தார். 1879 இல் கிரேசு சார்ஜினா சாமியர் என்பவரை மணந்தார். துடுப்பாட்டத்தில் ஈடுபாடு உடைய இவருக்குச் சென்னை கிரிக்கெட் சங்கத்துடன் நெருங்கிய தொடர்பு இருந்தது. சேப்பாக்கம் மைதானத்தைச் செம்மைப்படுத்தியதிலும் இவருக்குப் பங்கு உண்டு.

திட்டத்தின் பின்னணி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெய்கிறது. கிழக்கே உள்ள மதுரைச் சமவெளி மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. வைகை ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் ஆறு. இதனால் கண்மாய்களை நம்பிய உழவு அடிக்கடி பொய்த்தது. மலைக்கு அப்பால் வீணாகும் நீரை இப்பக்கம் கொண்டுவரலாம் என்னும் எண்ணம் பென்னிகுயிக்குக்கு மிகவும் முற்பட்டது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியான முத்திருளப்ப பிள்ளை இதற்காக ஆட்களை அனுப்பி மலைப்பகுதியை ஆராயச் செய்தார். பொருள் வசதி இல்லாததால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

1808 இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டு, இத்திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அறிக்கை அளித்தார். 1850 இல் சிறிய அணை ஒன்று தொடங்கப்பட்டு, நோயும் ஆட்பற்றாக்குறையும் காரணமாக நிறுத்தப்பட்டது. 1867 இல் மேஜர் ரைவ்ஸ் மண் அணை ஒன்றுக்கு வரைவு அளித்தார். 1876-78 ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்ட பின்னரே அரசு இதில் தீவிரம் காட்டியது. 1882 இல் திட்டத்தை முழுமையாகத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மண் அணைக்குப் பதிலாகக் கல்லாலும் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையாலும் ஆன எடை அணையைத் தேர்ந்தெடுத்தார். இவ்வகை அணை தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதாகும்.

அணை கட்டப்பட வேண்டிய இடம் திருவிதாங்கூர் சமத்தானத்திற்கு உரியது. ஆகவே 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் பிரித்தானிய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. இதன்படி சுமார் 8,000 ஏக்கர் நிலம் ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில் பெறப்பட்டது.

கட்டுமானம்

1887 இல் வேலை தொடங்கியது. அருகில் ஊரோ சாலையோ இல்லாத அடர்ந்த காடு அது. பொருட்கள் அம்மையநாயக்கனூர் தொடருந்து நிலையத்திலிருந்து மாட்டுவண்டிகளில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் கூடலூர் வரை கொண்டுவரப்பட்டன. அங்கிருந்து மலை மேலே ஏற்றுவதற்குக் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது. மலை மேல் சிற்றாறு ஒன்றைச் சீராக்கிப் படகுகளில் அணைத்தளத்திற்குச் சரக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

ஓடும் ஆற்றின் நடுவே அடித்தளம் இடுவதே மிகக் கடினமான பகுதியாக இருந்தது. நீர் குறைந்த மாதங்களில் எழுப்பிய தற்காலிகத் தடுப்புகள் வெள்ளத்தில் பலமுறை அடித்துச் செல்லப்பட்டன. காட்டு யானைகளின் நடமாட்டமும் தொல்லையாக இருந்தது. இவை அனைத்தையும் விட மலைக்காய்ச்சலே அதிக உயிர்களைக் கொண்டது. நோயால் இறந்தவர்கள் என 483 பேர் பதிவாகியுள்ளனர். விபத்திலும் வெள்ளத்திலும் இறந்தோர் இதில் சேரவில்லை. அணைக்கு அருகே அக்காலக் கல்லறைகள் உள்ளன. ஆயினும் இறந்த கூலித்தொழிலாளர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் சுமார் 1,200 அடி நீளமும் கொண்ட முதன்மை அணை 1895 இல் முடிவுற்றது. ஏரியின் வடகோடியிலிருந்து வெட்டப்பட்ட கால்வாய், ஒரு மைலுக்கும் மேல் நீண்ட சுரங்கத்தைச் சென்றடைகிறது. அதன் வழியே வெளிவரும் நீர் மலைச்சரிவில் இறங்கிச் சுருளியாற்றுடன் கூடி வைகையை அடைகிறது. பேரணை என்னுமிடத்தில் வைகையிலிருந்து பிரியும் கால்வாய் மேலூர் உள்ளிட்ட பகுதிகளுக்கு நீர் கொண்டுசெல்கிறது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்து வைத்தார். திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி இதன் வரலாற்றை 1899 இல் நூலாக எழுதினார்.

ஏரியும் காட்டுயிர்களும்

அணையால் சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி உருவானது. பள்ளத்தாக்கில் இருந்த காடு அப்படியே நீரில் மூழ்கியது. அன்று மூழ்கிய மரங்களின் பட்ட கட்டைகள் நூறாண்டுகளுக்கு மேலாகியும் நீருக்கு மேல் நின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றில் அமர்ந்து சிறகு உலர்த்துவது இவ்வேரிக்கே உரிய காட்சியாகும்.

ஏரிக்கு நீர் தரும் காடு அழிந்தால் திட்டமே பயனற்றுப் போகும். ஆகவே 1899 இல் சுற்றியுள்ள காடு ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 1933 இல் திருவிதாங்கூர் அரசு எஸ். சி. எச். இராபின்சன் என்பவரை விலங்குக் காப்பாளராக நியமித்தது. மறு ஆண்டு நெல்லிக்காம்பட்டி விலங்குக் காப்பிடம் உருவானது. இது 1950 இல் விரிவாக்கப்பட்டுப் பெரியாறு காட்டுயிர் உய்விடமாகவும், 1978 இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. நெல் வயலுக்காக எழுப்பப்பட்ட அணை ஒரு காட்டைக் காப்பதற்கும் காரணமானது இவ்வாறுதான். எனினும் காட்டுயிர்ப் பாதுகாப்பு பென்னிகுயிக்கின் திட்டத்தில் இருந்த நோக்கம் அன்று.

ஏரியின் நீர்மட்டம் ஏறி இறங்குவது இங்குள்ள விலங்குகளின் வாழ்வோடு பிணைந்தது. பாசனத்திற்காக நீர் எடுக்கப்பட்டு மட்டம் தாழும்போது கரையோரச் சேற்றுநிலம் வெளிப்பட்டுப் புதுப்புல் முளைக்கிறது. கோடையில் அப்புல்லையும் நீரையும் நாடி யானை, காட்டுமாடு, கடமான், காட்டுப்பன்றி ஆகியன கரைக்கு வருகின்றன. யானைக் கூட்டங்கள் ஏரியை நீந்திக் கடப்பதும் உண்டு. செந்நாய், நீர்நாய் ஆகியவற்றையும் காணலாம். குரங்கினங்களில் நாட்டுக்குரங்கும் நீலகிரி கருமந்தியும் எளிதில் தென்படுவன. சிங்கவால் குரங்கு உட்பகுதி மழைக்காடுகளில் மட்டுமே வாழ்கிறது. இரவில் நடமாடும் தேவாங்கைக் காண்பது அரிது.

கென்யா, தான்சானியா நாடுகளின் புல்வெளிகளில் பயணிகள் ஊர்தியில் அமர்ந்தே விலங்குகளைக் காண்கின்றனர். உகாண்டா, உருவாண்டா மலைக்காடுகளில் கொரில்லாக்களைக் காண வழிகாட்டிகளுடன் நடந்து செல்கின்றனர். தேக்கடியில் முதன்மையானது படகுப் பயணம். படகு விலங்குகளைப் பெரிதும் கலைப்பதில்லை என்பதால் மிக அருகிலிருந்து காண முடிகிறது. மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்விடத்திற்குத் தேனி, கம்பம், குமுளி வழியாகச் செல்லலாம்.

1990களின் பிற்பகுதியில் உலக வங்கியின் துணையுடன் நடைபெற்ற சூழல் மேம்பாட்டுத் திட்டம் இங்கு ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. காட்டில் வயணப் பட்டையை உரித்துக் கடத்தி வந்தவர்களில் ஒரு குழுவினர், தங்கள் மீதான வழக்குகளிலிருந்து விடுபட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் ஆயினர். காட்டின் தடங்களை நன்கறிந்த மன்னான், பளியர் பழங்குடியினரும் நடைபயண வழிகாட்டிகளாகப் பணிபுரிகின்றனர்.

2009 செப்டம்பர் 30 அன்று பயணிகள் படகு ஒன்று ஏரியில் கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும், படகின் நிலைத்தன்மையில் இருந்த குறையும் காரணங்களாகக் கூறப்பட்டன. இதன் பின்னர் உயிர்காப்பு மேலங்கி அணிவது கட்டாயமாக்கப்பட்டது.

பிற்கால வாழ்க்கை

1895 இல் பென்னிகுயிக்குக்கு இந்திய விண்மீன் விருது வழங்கப்பட்டது. சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார். இந்தியாவிலிருந்து திரும்பிய பின் கூப்பர்ஸ் ஹில் அரச இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராக 1896 முதல் 1899 வரை பணியாற்றினார். பெரியாற்றைத் திருப்பியது பற்றி இவர் எழுதிய கட்டுரைக்காக இலண்டன் குடிசார் பொறியாளர் நிறுவனம் டெல்ஃபோர்டு பதக்கம் அளித்தது. 1899 இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் வழிகள் குறித்துக் குயின்ஸ்லாந்து அரசுக்கு ஆலோசனை வழங்கினார். இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் 1911 மார்ச் 9 அன்று காலமானார். இவரது உடல் ஃபிரிம்லி புனித பேதுரு தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

செவிவழிக் கதைகள்

அரசு பணம் தர மறுத்ததால் பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்னும் செய்தி தென் மாவட்டங்களில் பரவலாக வழங்குகிறது. இதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை என ஆய்வாளர்கள் கூறுகின்றனர். திட்டச் செலவு சென்னை அரசின் கணக்கில் இடம்பெற்றுள்ளது. 2021 இல் மதுரையில் கலைஞர் நூலகம் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடத்தில் இருந்த பழைய கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்ற கருத்து எழுந்தது. அக்கட்டடம் அவர் இறந்த பிறகே கட்டப்பட்டது என்று அரசுத் தரப்பில் விளக்கம் அளிக்கப்பட்டது. இக்கதைகள் வரலாற்றுச் செய்திகளாக நிலைபெறாவிடினும், நீர் பெற்ற மக்கள் இவர் மீது வைத்துள்ள நன்றியுணர்வைக் காட்டுகின்றன.

அணை குறித்த வழக்கு

மாநிலங்கள் பிரிக்கப்பட்ட பின் அணை அமைந்த இடம் கேரளத்திலும், அணையை இயக்கும் உரிமை தமிழகத்திடமும் அமைந்தன. 1970 இல் குத்தகை வாடகை உயர்த்தப்பட்டது. அணையின் பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979 இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணை வலுப்படுத்தப்பட்ட பின்னர், 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 142 அடி வரை நீர் தேக்கத் தமிழகத்திற்கு அனுமதி அளித்தது. முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடியாகும். நூற்றாண்டு கடந்த அணையின் உறுதி பற்றிய கவலை கீழ்ப்பகுதியில் வாழும் கேரள மக்களிடமும், நீரை இழந்துவிடுவோமோ என்னும் கவலை தமிழக உழவர்களிடமும் உள்ளது.

நினைவுச் சின்னங்கள்

மதுரை தல்லாகுளத்தில் உள்ள பொதுப்பணித்துறை அலுவலக வளாகத்தில் பென்னிகுயிக்கின் சிலை நிறுவப்பட்டுள்ளது. கூடலூர் அருகே லோயர் கேம்பில் தமிழக அரசு கட்டிய மணிமண்டபம் 2013 சனவரி 15 அன்று திறக்கப்பட்டது. தேனி நகரின் பேருந்து நிலையத்திற்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2022 இல் இவர் மறைந்த கேம்பர்லி நகரிலும் தமிழக அரசு சார்பில் சிலை வைக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் பல வீடுகளிலும் கடைகளிலும் இவரது படம் சாமிப் படங்களுடன் மாட்டப்பட்டுள்ளது. இவரது பிறந்தநாள் தைப் பொங்கலை ஒட்டி வருவதால், தேனி மாவட்ட உழவர்கள் அன்று இவருக்காகப் பொங்கல் வைத்து வழிபடுகின்றனர்.