ரம்மியில் எதிராளியே கிடைக்கவில்லை, போக்கரில் மூன்று முறை சாம்பியன்: யார் இந்த ஸ்டூ அங்கர்?

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் புறநகர் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு, மடியில் துண்டை விரித்துச் சீட்டு ஆடும் கூட்டம் புதிதல்ல. அந்த ஆட்டம் பிறகு போனுக்குள் போனது. 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. அந்த ஆப்களில் 'கேஷ் கேம்', 'டோர்னமென்ட்' என்று இரண்டு வாசல் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? சீட்டும் விதியும் ஒன்றுதான், ஆனால் ஆட்டம் வேறு. எவ்வளவு வேறு என்பது ஸ்டூ அங்கரின் கதையில் தெரியும்.

1953-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா மதுக்கடையோடு பந்தயம் பிடிக்கும் தொழிலும் நடத்தினார். பையன் 'ஜின் ரம்மி'யில் புலி. நம்மூர் 13 சீட்டு ரம்மிக்குச் சொந்தக்கார ஆட்டம்தான் அது. இருவர், ஆளுக்கு 10 சீட்டு. எதிராளி கீழே போடும் சீட்டுகளை வைத்தே அவர் கையில் என்ன இருக்கிறது என்று கணித்துவிடுவார். விளைவு? பணம் வைத்து அவரோடு உட்கார ஆள் கிடைக்கவில்லை. 1970-களின் கடைசியில் லாஸ் வேகாஸ் போனார். அங்கும் அதே கதை. வேறு வழியில்லாமல்தான் போக்கர் பக்கம் திரும்பினார்.

என்ன வித்தியாசம்?

கேஷ் கேமில் உங்கள் முன்னால் இருக்கும் சிப் நிஜப் பணம். தோற்றால் இன்னும் பணம் போட்டு ஆடலாம். போதும் என்றால் எழுந்து போகலாம். டோர்னமென்ட்டில் நுழைவுக் கட்டணம் ஒரு முறைதான். சிப் வெறும் புள்ளி. அது தீர்ந்தால் வெளியே. ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயம் வைக்க வேண்டிய 'பிளைண்ட்' தொகையும் ஏறிக்கொண்டே போகும். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருந்தால் கரைந்துவிடுவீர்கள்.

அங்கர் காத்திருக்கிற ஆளே இல்லை. வெளியே போய்விடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் மேல் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவார். 1980-ல் 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' முக்கியப் போட்டியில் 73 பேர். 'ஹோல்டம்' வகை ஆட்டம் அவருக்கு அப்போது அவ்வளவு பழக்கமில்லை. ஆனாலும் இறுதியில் இரண்டு முறை சாம்பியனான டாயல் பிரன்சனையே வீழ்த்தினார். 1981-லும் பட்டம் அவருக்கே.

அதே வேகம் கேஷ் மேஜையில் பலிக்கவில்லை. அங்கே யாருக்கும் அவசரமில்லை. நல்ல கை வரும்வரை காத்திருந்து அவரைப் பிடித்தார்கள். மிச்சத்தைக் குதிரைப் பந்தயமும் விளையாட்டுப் பந்தயமும் தின்றன. கோகெய்ன் பழக்கம் வேறு. டோர்னமென்ட்டில் இழப்புக்கு நுழைவுக் கட்டணம் என்ற வேலி இருந்தது. வெளியே வேலி இல்லை, அவருக்கு எழுந்து போகவும் தெரியவில்லை.

1990-ல் நடந்தது இன்னும் விசித்திரம். போட்டியின் மூன்றாம் நாள் ஆளைக் காணோம். போதை அதிகமாகி ஹோட்டல் அறையில் மயங்கிக் கிடந்தார். காலி நாற்காலியின் முன்னால் இருந்த சிப்பிலிருந்து பிளைண்ட் மட்டும் போய்க்கொண்டிருந்தது. முன்பே அவ்வளவு குவித்திருந்ததால், ஆள் இல்லாமலே ஒன்பதாம் இடம் வந்தார்!

1997-ல் 10,000 டாலர் கட்டணம் கட்டக்கூட அவரிடம் பணமில்லை. நண்பர் பில்லி பாக்ஸ்டர் கட்டினார். மெலிந்துபோன உடம்போடு 312 பேர் கொண்ட போட்டியை வென்றார், பரிசு 10 லட்சம் டாலர். பாதி பாக்ஸ்டருக்கு. மீதி சில மாதங்களிலேயே பந்தயத்திலும் போதையிலும் போய்விட்டது. அடுத்த ஆண்டும் கட்டணம் கட்ட பாக்ஸ்டர் தயாராக இருந்தார். ஆடும் நிலையில் இல்லை என்று அங்கர்தான் விலகிக்கொண்டார்.

1998 நவம்பர் 22 அன்று லாஸ் வேகாஸில் ஒரு மலிவு விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 45. கையில் இருந்தது சுமார் 800 டாலர். அடக்கச் செலவுக்கு நண்பர்கள் பணம் திரட்டினார்கள். 2001-ல் போக்கர் 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது.