பல்லாவரத்தில் கிடைத்த கைக்கோடரி: யார் இந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்?

ஜிஎஸ்டி ரோட்டில் தினமும் ஆபீஸ் போகிறவர்களுக்குப் பல்லாவரம் என்றால் டிராஃபிக்கும் வெள்ளிக்கிழமைச் சந்தையும்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியதே இங்கேதான். 1863 மே 30 அன்று, இங்கே சரளை தோண்டிய ஒரு குழியிலிருந்து 28 வயது இளைஞர் ஒருவர் ஒரு கல்லை எடுத்தார். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

யார் இவர்?

1834-இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். தமிழ் அறிஞரும் பாதிரியாருமான பீட்டர் பெர்சிவலின் மகளைத் திருமணம் செய்துகொண்டார். பாறை, மண், கனிமம் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் இவருடைய வேலை. தொல்லியல் இவருக்குச் சொந்த ஆர்வம்.

வெறும் கல்லுதானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் தானாக உடைந்த கல்லுக்கும், மனிதன் செதுக்கிய கல்லுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டு பக்கமும் செதில் செதிலாகத் தட்டி எடுத்து, விளிம்பைக் கூராக்கியிருந்தால் அது கைக்கோடரி. பிரான்ஸின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த இப்படிப்பட்ட கற்கள் மிகப் பழைய மனிதர்களுடையவை என்று 1859-இல்தான் ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் செய்தியை அறிந்திருந்ததால் பல்லாவரத்துக் கல்லையும் ஃபூட்டால் அடையாளம் காண முடிந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் பகுதிக்குப் போனார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில், ஓடைக்கரையில் இன்னும் நிறையக் கருவிகள் கிடைத்தன.

எங்கே தவறினார், எங்கே ஜெயித்தார்?

கருவிகள் கிடைத்த செந்நிற லேட்டரைட் படிவு கடலில் உருவானது என்றுதான் ஃபூட் முதலில் நினைத்தார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. அந்தக் கற்களுக்கு எத்தனை வயது என்று சொல்லவும் அப்போது வழியில்லை.

நிலைத்தது அவருடைய ஒரு பழக்கம்தான். எந்த ஊர், எந்தப் படிவு, எந்த வகைக் கல் என்று எழுதி வைத்துவிடுவார். பாலாற்றுக்கு வடக்கே உள்ள சென்னை, வட ஆர்க்காடு பகுதிகளின் நிலவியலை 1873-இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டார். பெல்லாரி பக்கம் புதிய கற்காலக் குடியிருப்புகளையும் கண்டறிந்தார். 1891-இல் ஓய்வு பெற்ற பிறகு பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக வேலை பார்த்தார். அப்போதும் தேடுவதை நிறுத்தவில்லை. மொத்தம் 450-க்கும் மேற்பட்ட இடங்கள்!

அவருடைய சேகரிப்பை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. அதன் பட்டியலும் குறிப்புகளும் 1914, 1916-இல் வெளிவந்தன. அவற்றை அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1912 டிசம்பர் 29 அன்று கொல்கத்தாவில் காலமானார். அவர் வாழ்ந்த ஏற்காட்டில், ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவிடம் இருக்கிறது.

அந்தக் குறிப்புகளால் என்ன பயன்?

ஃபூட் குறித்து வைத்த அத்திரம்பாக்கத்துக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே சோதனைக் குழிகள் தோண்டி, மண்ணை அடுக்கு அடுக்காக ஆராய்ந்தார்கள். அடி அடுக்கில் இருந்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். மேல் அடுக்கில் கிடைத்த, வேறு தொழில்நுட்பத்தில் செய்த கருவிகள் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டன என்று 2018-இல் தெரிந்தது. இந்த வயதுகளைக் கணக்கிட, கல் புதைந்திருந்த மண் அடுக்கின் விவரமும் தேவைப்பட்டது. மண்ணிலிருந்து பிரித்து எடுத்து வந்த கல்லை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்க முடியாது.

பல்லாவரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நகரம் வளர்ந்து நிலத்தை மூடிவிட்டது. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்னும் திறந்து கிடக்கும் ஏரிக்கரைகளும் செம்மண் மேடுகளும் உண்டு. அங்கே செதுக்கிய மாதிரி ஒரு கல் கண்ணில் பட்டால், ஷோகேஸுக்கு எடுத்து வராதீர்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, லொகேஷனைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.