ஏ. ஈ. குணசிங்க

அலெக்சாண்டர் ஏக்கநாயக்க குணசிங்க (1891 - 1967) இலங்கையைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவரும் அரசியல்வாதியும் ஆவார். இலங்கைத் தொழிற்சங்க இயக்கத்தின் தந்தை என அழைக்கப்படும் இவர், 1930களில் மலையாளித் தொழிலாளருக்கு எதிரான பரப்புரையை முன்னின்று நடத்தியவரும் ஆவார்.

தொடக்க காலம்

குணசிங்க கண்டியில் பிறந்தார். இளம் இலங்கையர் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது குடியேற்றவாத அரசினால் சிறையில் அடைக்கப்பட்டார்.

தொழிற்சங்கப் பணிகள்

1922 இல் இலங்கைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இதன் தலைமையில் 1923 இல் பொது வேலைநிறுத்தமும், 1927 இல் கொழும்புத் துறைமுக வேலைநிறுத்தமும், 1929 இல் டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தமும் நடைபெற்றன. சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் இப்போராட்டங்களில் ஒன்றாகப் பங்குகொண்டனர். இதழாளர் கோ. நடேசய்யரும் இச்சங்கத்தில் பணியாற்றினார். 1928 இல் குணசிங்க தொழிற் கட்சியை நிறுவினார். அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் எனவும் வலியுறுத்தினார். அவ்வுரிமை 1931 இல் நடைமுறைக்கு வந்தது.

மலையாளி எதிர்ப்பு

1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தினால் கொழும்பில் வேலையின்மை பெருகியது. குறைந்த கூலிக்கு வேலை செய்து உள்நாட்டவரின் வேலைகளைப் பறிப்பதாக மலையாளிகள்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. குறைந்த கூலி கொடுத்த முதலாளிகளை விட, அக்கூலியைப் பெற்ற தொழிலாளரே குணசிங்கவின் பரப்புரைக்கு இலக்காயினர். மலையாளிகளை வேலைக்கு அமர்த்தக் கூடாது என அவரது இயக்கம் கோரியது. நடேசய்யர் குணசிங்கவிடமிருந்து பிரிந்து, 1931 இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார்.

1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரி இளைஞர்கள் அதற்குத் தலைமை தாங்கினர். குணசிங்க அதனை எதிர்த்தார். பத்தாண்டுகளுக்கு முன்னர் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய தலைவர், இங்கு வேலைநிறுத்தம் செய்தோருக்கு எதிரணியில் நின்றார். 1935 இல் இவ்விளைஞர்களும் அவர்களது தோழர்களும் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். அதன் பின்னர் நகரத் தொழிலாளரிடையே குணசிங்கவின் செல்வாக்குக் குறைந்தது.

பிற்காலம்

1939 இல் அரசுத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை விலக்க இலங்கை அமைச்சர்கள் முடிவு செய்தனர். இதையொட்டி ஜவகர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியது. திறன்சாராத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை அதே ஆண்டில் இந்திய அரசு தடை செய்தது. ஒரு நகரச் சங்கத்தின் கோரிக்கையாக ஒலித்தது, பத்தாண்டுகளுக்குள் அரசின் கொள்கையாகவே மாறியிருந்தது.

குணசிங்க 1940 இல் கொழும்பு மாநகர முதல்வரானார். 1947 இல் கொழும்பு மத்தி தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். 1967 இல் காலமானார்.