கோவை கரிவர்தனும் மாமாவின் மாருதியும்

மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னதும் கலாம் அவர்களையும் ஜி.டி. நாயுடு அவர்களையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் எழுத நினைத்தவர் சுந்தரம் கரிவர்தன். ரேஸ் உலகில் கரி என்றாலே போதும். நம்ம ஆட்டோமொபைல் பிரிவிலேயே அவரைத் தெரியாதவர்கள் இருப்பதுதான் கொடுமை!

அவரைத் தேடிப் படிக்க வைத்தது என் சொந்தத் தப்பு. என் மாமாவிடம் கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 இருக்கிறது. ஏலக்காய் வியாபாரத்துக்காக வாரம் இரண்டு தடவை குமுளி ஏறும் வண்டி. லீவில் ஹெட்டைக் கழற்றி, காற்று போகும் இன்டேக் போர்ட்டை கிரைண்டர் போட்டுப் பெரிசாக்கினேன். காற்று கூடினால் பவர் கூடும், அவ்வளவுதானே என்று நினைப்பு. உத்தமபாளையம் ரோட்டில் வண்டி பறந்தது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போதோ லோடோடு முக்கி முனகி நின்னுடுச்சு. மாமா திட்டவில்லை. சாவியை எடுத்து எனக்கு எட்டாத பரணில் வைத்தார். அடுத்த இரண்டு மாதம் வாடகை ஜீப்பில் போய்வந்தார். அந்தக் கணக்கை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

இனி கரிக்கு வருவோம். 1954ல் பிறந்தவர், கோவையின் ஆலைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். வசதி இருந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் வசதியுள்ளவர்கள் காரை வாங்கி ஓட்டுவதோடு சரி. இவர் ஓட்டினார், பிரித்தார், தானே காரும் கட்டினார். அப்போது தென்னாட்டு ரேஸ் என்றால் சென்னைக்குப் பக்கத்திலுள்ள சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. அங்கே ஓடியவர் கரி. வெளிநாட்டு ரேஸ் காரோ அதன் உதிரி பாகமோ இறக்குமதி செய்வது அந்நாளில் சாமானியன் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். திறமை இருந்தும் காசில்லாதவன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், குதிரைத்திறன் நாற்பதுக்குள். கேலி செய்தவர்கள் உண்டு. கரி அதில் வேறொன்றைப் பார்த்தார். ஊர் ஊருக்கு ஸ்பேர் கிடைக்கும் எஞ்சின்! 1980களின் கடைசியில் அந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, ஒற்றை ஆள் ரேஸ் கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. நாலு பேர் உட்காரும் தகர உடம்பு போனது, எடை இறங்கியது. அதே சின்ன எஞ்சின் சீறியது. லேத்தும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருக்கும் கோவையில்தான் இது நடக்கும் என்பேன், மதுரைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

இங்கே ஒரு கணக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும். 5500 சுற்றில், சிலிண்டர் முழுக்க நிரம்பினால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 2190 லிட்டர் காற்று வேண்டும். நிஜத்தில் அவ்வளவு நிரம்பாது. ஃபில்டர், கார்புரேட்டர், போர்ட்டின் வளைவு, வால்வு, சைலன்சர் எல்லாம் தடுக்கும். ரேஸ் கார் எப்போதும் உயர்ந்த சுற்றிலேயே ஓடுவதால் அதற்குப் பெரிய வழி லாபம். மலை ஏறும் வண்டி 2000 சுற்றில் திணறுகிறது. அங்கே போர்ட் பெரிசானால் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் துளிகள் சுவரில் ஒட்டி, கலவை கெடும். போதாததற்கு குமுளி உயரத்தில் காற்று கடலோரத்தைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு அடர்த்தி குறைவு. நான் ஜெட்டையும் மாற்றவில்லை, எக்ஸாஸ்டையும் தொடவில்லை. பரீட்சையில் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சிக்கு முழு மார்க் வாங்கியவன் நான்!

ஃபார்முலா மாருதி வந்தபின் புதுப் பையன்களுக்கு வழி திறந்தது. கோவை நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் ரேஸ் ஓட்டியது ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில், ஃபார்முலா மாருதியில். 2005ல் அவர் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் ஆனார். சென்னை கருண் சந்தோக் 2000ல் ஃபார்முலா மாருதி தேசியப் பட்டம் வென்று, 2010ல் அதே உயரத்துக்குப் போனார்.

அந்த ஃபார்முலா ஒன் நாட்களைக் கரி பார்க்கவில்லை. 1995 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துவிட்டார். நாற்பதை ஒட்டிய வயதுதான். படிக்கும்போது அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கோவை செட்டிப்பாளையத்தில் 2003ல் தொடங்கிய ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் பழைய இரும்புக் கடையில் வெட்டாத ஹெட் ஒன்று கிடைத்தது. மாட்டி, டாப்பெட் செட் செய்து, ஃபில்டர் மாற்றினேன். டிக்கியில் வருஷக்கணக்காகக் கிடந்த இரும்புச் சாமான்களையும் இறக்கினேன். மாமாவே பரணிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். குமுளி செக்போஸ்ட்வரை இரண்டாவது கியரிலேயே ஏறியது.