கண்டிப்பு தாங்காமல் விஷம் வைத்த துறவிகள்... யார் இந்த பெனடிக்ட்?

எங்களுக்குத் தலைவராக வாங்க என்று கெஞ்சி அழைத்துப் போனவர்களே, கடைசியில் அவருக்கு ஒயினில் விஷம் கலந்தார்கள். காரணம், அவர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்.

இத்தாலியின் நூர்சியாவில் கி.பி. 480 வாக்கில் பிறந்தவர் பெனடிக்ட். ரோமுக்குப் படிக்கப் போனவர், அந்த நகர வாழ்க்கை பிடிக்காமல் பாதியிலேயே கிளம்பி, சுபியாகோ மலைக்குகையில் 3 ஆண்டுகள் தனியாக இருந்தார். அப்போதுதான் ஒரு மடத்துத் துறவிகள் தேடி வந்தார்கள். அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் விஷக்கோப்பை உடைந்தது என்பது போப் கிரிகோரி எழுதிவைத்த கதை. பெனடிக்ட் சண்டை போடவில்லை, தனிமைக்கே திரும்பிவிட்டார்.

529 வாக்கில் மான்டே கசினோ மலையில் மடம் அமைத்தார். அங்கே அவர் எழுதிய 73 அத்தியாய விதிகளைப் பார்த்தால், பட்ட அனுபவம் அவரைக் கொஞ்சம் இளக்கியிருக்கும் என்றே தோன்றுகிறது. பகலில் 7 முறை, இரவில் ஒரு முறை பிரார்த்தனை. நடுவில் உடல் உழைப்பு, வாசிப்பு. படுக்கும் முன் செய்யும் பிரார்த்தனை முடிந்தால் பேச்சே கிடையாது. ஆனால் தூக்கக் கலக்கத்தில் லேட்டாக வருபவர்களுக்காக, இரவுப் பிரார்த்தனையின் தொடக்கச் சங்கீதத்தை மெதுவாக இழுத்துப் பாட வேண்டுமாம்! துறவிக்கு ஒயின் ஆகாது என்றால் யாரும் கேட்கப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டு, தினமும் ஓர் அளவு கொடுக்கச் சொன்னார். முக்கிய முடிவு எடுக்கும்போது இளையவர்களையும் கூப்பிட்டுக் கேட்கணும் என்பதும் விதிதான்.

547 வாக்கில் இறந்த அவரை, சகோதரி ஸ்கொலாஸ்டிகாவின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். 1944 பிப்ரவரி 15-ல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் மடம் தரைமட்டமானது. திரும்பக் கட்டிய ஆலயத்தை 1964-ல் அர்ச்சித்த போப் ஆறாம் பால், பெனடிக்ட்டை ஐரோப்பாவின் பாதுகாவலராகவும் அறிவித்தார்.