மொட்டை மாடி கம்போஸ்ட் தொட்டிக்குள் ஓர் இந்தூர் கதை: யார் இந்த ஆல்பர்ட் ஹோவர்ட்?

காய்ந்த இலை ஒரு அடுக்கு, காய்கறிக் கழிவு ஒரு அடுக்கு, மேலே கொஞ்சம் சாணக் கரைசல், மறுபடியும் காய்ந்த இலை. ரொம்ப ஈரமா இருக்கக் கூடாது, ரொம்பக் காயவும் கூடாது. அப்பப்போ கிளறி விடணும். மாடித் தோட்டம் போடுற யாரைக் கேட்டாலும் இந்த ரெசிப்பியைச் சொல்வாங்க. இன்ஸ்டாகிராமில் இதற்கு ஆயிரக்கணக்கான ரீல்ஸ் இருக்கு.

வேளாண் பாடப் புத்தகத்தில் இதன் மூல வடிவத்துக்கு ஒரு பெயர் உண்டு: இந்தூர் முறை. மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் அதே இந்தூர்தான். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே இதை அளந்து, எடை போட்டு, எழுதி வைத்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற பிரிட்டிஷ் அரசு அதிகாரி. இன்று உலகம் முழுக்க 'ஆர்கானிக்' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லப்படும் முதல் சில பெயர்களில் அவருடையதும் ஒன்று. நவீன இயற்கை வேளாண்மையின் தந்தை என்றும் எழுதுவார்கள். அந்தப் பட்டம் எவ்வளவு பொருந்தும் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

விவசாயி மகன், பூஞ்சை நிபுணர்

1873 டிசம்பர் 8-ல் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஹோவர்ட். கேம்பிரிட்ஜில் அறிவியல் படிப்பு. 1899-ல் கரீபியன் தீவான பார்படோஸில் பூஞ்சை நோய் ஆய்வாளர் வேலை கிடைத்தது. கரும்புக்கு என்ன நோய் வருகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் அவருக்கு முதல் உறுத்தல். விவசாயிக்கு மருந்து சொல்கிறோம், ஆனா நாமே அதைப் பயிர் மேல் போட்டுப் பார்க்க நம்மிடம் ஒரு துண்டு நிலம்கூட இல்லையே என்பது. ஆய்வகத்துக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளி மேல் அவருக்கு இருந்த கோபம் கடைசி வரைக்கும் தணியவில்லை.

இங்கிலாந்துக்குத் திரும்பி இரண்டு வருடம் வை கல்லூரியில் வேலை பார்த்தார். 1905-ல் இந்தியா. பீகாரின் பூசாவில் புதிதாகத் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், பேரரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவி. (டெல்லியில் இருக்கும் பூசா நிறுவனத்தின் பழைய வீடு இதுதான். 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்ததால் நிறுவனம் டெல்லிக்குப் போனது. பெயரும் கூடவே போய்விட்டது.)

கோதுமைக்குப் பின்னால் இருந்த இன்னொருவர்

அதே 1905-ல் ஹோவர்டுக்குத் திருமணம். மணமகள் கேப்ரியல் மாத்தேய். இவரை ஹோவர்டின் மனைவி என்று ஒரு வரியில் கடந்து போக முடியாது. கேம்பிரிட்ஜில் ஒளிச்சேர்க்கை பற்றி, குறிப்பாக வெப்பநிலை மாறினால் இலை கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் வேகம் எப்படி மாறும் என்று ஆய்வு செய்து ஏற்கெனவே பெயர் வாங்கியவர். தாவர உடலியலில் அவர் ஹோவர்டை விடவே கெட்டி என்று சொல்லலாம்.

பூசாவில் இருவரும் சேர்ந்து செய்த முதல் பெரிய வேலை கோதுமை. அன்றைய இந்தியக் கோதுமை வயல் என்பது ஒரே ரகம் நிற்கும் இடமல்ல. மீசை உள்ளது, மீசை இல்லாதது, சிவப்பு மணி, வெள்ளை மணி எல்லாம் ஒரே வயலில் கலந்து நிற்கும். இந்த இருவரும் பல மாகாணங்களிலிருந்து விதைகளை வரவழைத்து, தனித்தனிச் செடியாகப் பிரித்து வளர்த்து, வகைப்படுத்தி எழுதினார்கள். இந்தியக் கோதுமை பற்றிய அவர்கள் புத்தகம் 1909-ல் வந்தது. அந்தத் தேர்விலிருந்து பூசா 4, பூசா 12 போன்ற ரகங்கள் வந்து வட இந்தியாவில் பரவின.

இதில் ஒரு முரண் இருக்கு. இயற்கை வேளாண்மையின் முன்னோடி என்று கொண்டாடப்படுபவரின் முதல் வெற்றி, கலந்து நின்ற நாட்டு ரகங்களின் இடத்தில் ஒரே மாதிரியான தேர்ந்த ரகங்களைக் கொண்டுவந்ததுதான். இன்று மரபு விதை பேசுபவர்கள் எதிர்க்கும் பாதையின் தொடக்கத்தில் ஹோவர்டும் நின்றிருக்கிறார். அவர் படத்தை மாட்டி வைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை. அதே நேரம், எந்த விதை எங்கே விளைகிறது என்று முதலில் முழுசாகத் தெரிந்துகொண்டுதான் கைவைக்க வேண்டும் என்ற பொறுமை அவர்களிடம் இருந்தது. அந்தப் பட்டியலும் வகைப்பாடும் இல்லையென்றால் அந்தக் கால வயல்களில் என்ன நின்றது என்பதே நமக்கு இந்த அளவு தெரிந்திருக்காது.

கேப்ரியலுக்கு என்ன கிடைத்தது? 1910-ல் கணவரின் உதவியாளர் என்ற பதவி. 1913-ல் இரண்டாவது பொருளாதாரத் தாவரவியலாளர். கட்டுரைகளில் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். பதவியில் மட்டும் எப்போதும் ஒரு படி கீழே.

விதை மட்டும் போதாது

நல்ல ரகம் கையில் வந்த பிறகுதான் அடுத்த பிரச்சினை தெரிந்தது. மண் சரியில்லையென்றால் எந்த விதையைப் போட்டும் ஒரு அளவுக்கு மேல் பலன் இல்லை. பீகாரின் வண்டல் மண்ணில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காமல் பயிர் திணறுவதை இருவரும் கவனித்தார்கள். வேரைத் தோண்டிப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கோடையில் குவெட்டாவில் பழ மரங்கள், மற்ற நேரம் பூசாவில் அவுரி, புகையிலை, கோதுமை. எங்கே போனாலும் கேள்வி மண்ணுக்குக் கீழேயே போய் நின்றது.

சுற்றியிருந்த விவசாயிகள் ரசாயன உரமோ பூச்சிமருந்தோ இல்லாமல் ஆரோக்கியமான பயிர் எடுப்பதைப் பார்த்து, அவர்களையும் பூச்சிகளையுமே தன் ஆசிரியர்களாக வைத்துக்கொண்டதாக ஹோவர்ட் பிறகு எழுதினார். பயறு வகைகளைக் கலந்து விதைப்பது, தொழு எருவை மண்ணுக்குத் திருப்பித் தருவது எல்லாம் அப்படிக் கற்றவைதான். ஆனா ஒரு விஷயம். அவருடைய மிகப் புகழ்பெற்ற புத்தகத்தில் அவர் இதைச் சொன்னது 1940-ல், முப்பது வருடத்துக்குப் பிறகு. அந்த ஆசிரியர்களில் ஒருவர் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. 'தந்தை' பட்டம் இடிக்கும் இடம் இதுதான்.

தன் உழவு மாடுகளைப் பற்றியும் ஒரு கதை சொல்வார். நல்ல மண்ணில் விளைந்த தீவனம் தின்ற அவருடைய காளைகள், பக்கத்துப் பண்ணையில் கோமாரி வந்த மாடுகளோடு வேலி ஓரம் மூக்கோடு மூக்கு உரசியும் நோய் தொற்றவில்லையாம். இதைத் தன் கொள்கைக்குப் பெரிய சான்றாக வைத்தார். கட்டுப்பாடான சோதனை இல்லாத ஒரு கவனிப்பு இது. இதை நம்பி மாட்டுக்குத் தடுப்பூசி போடாமல் விட்டுடாதீங்க!

இந்தூர்: குப்பைக்கு ஒரு கணக்கு

பூசாவில் பூஞ்சைக்கு ஒரு துறை, பூச்சிக்கு ஒரு துறை, தாவரத்துக்கு ஒரு துறை. ஹோவர்ட் தம்பதிக்கோ வேர் முதல் விளைச்சல் வரை ஒன்றாகப் பார்க்க வேண்டும். அதனால் பருத்திக் குழுவிடமும் மத்திய இந்திய சமஸ்தானங்களிடமும் நிதி திரட்டி, 1924-ல் இந்தூரில் தனி நிறுவனமே தொடங்கிவிட்டார்கள். ஹோல்கர் சமஸ்தானம் கொடுத்த சுமார் 300 ஏக்கர். கரிசல் மண், பருத்தி நாடு.

சாணத்தில் பெரும்பகுதி வரட்டியாகி அடுப்புக்குப் போகிறது. மிச்சமிருக்கும் கொஞ்சச் சாணத்தை வைத்து எப்படி நிறைய எரு தயாரிப்பது? இதுதான் கேள்வி. பருத்திமார், துவரைமார் மாதிரி கெட்டியான கழிவுகளைப் பண்ணையின் வண்டிப்பாதையில் பரப்பிவிட்டார்கள். சக்கரமும் மாட்டுக் குளம்பும் மிதித்தே அவற்றை நொறுக்கிவிடும். அதை மாட்டுக்குப் படுக்கையாகப் போட்டால் கோமியத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சாணம், கோமியம் ஊறிய தொழுவ மண், சாம்பல் சேர்த்து ஆழமில்லாத குழிகளில் அடுக்கி, தண்ணீர் தெளித்து, சில வார இடைவெளியில் புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் மட்கு தயார்.

எருக்குழி என்பது நம் ஊர்களுக்குப் புதுசே இல்லை. சீனாவில் கழிவுகளை மட்கவைக்கும் வழக்கம் பற்றி அமெரிக்கர் கிங் எழுதியதையும் ஹோவர்ட் படித்திருந்தார். அப்படின்னா அவர் என்னதான் புதுசா செய்தார்? விகிதம், ஈரம், காற்று, வெப்பம், நாள் கணக்கு எல்லாவற்றையும் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் திரும்பச் செய்யும்படி ஆக்கினார். இதற்கான வேதியியல் வேலையில் கூட நின்றவர் யஷ்வந்த் வாட். 1931-ல் வந்த புத்தகத்தின் அட்டையில் இருவர் பெயரும் உண்டு. இன்று வாட் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

ஓய்வுக்குப் பிறகு சண்டை

1930 ஆகஸ்ட்டில் கேப்ரியல் இறந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் வேலையை விட்டு இங்கிலாந்து திரும்பினார். 1934-ல் சர் பட்டம். சாதாரணமாக இதோடு ஒரு அதிகாரியின் கதை முடிந்துவிடும். ஹோவர்ட் ஓர் இயக்கக்காரராக மாறியதே இதற்குப் பிறகுதான்.

முதல் உலகப்போரில் வெடிமருந்துக்காகக் கட்டிய நைட்ரஜன் ஆலைகள், போர் முடிந்ததும் உரச் சந்தை பக்கம் திரும்பியதை அவர் சுட்டிக்காட்டினார். தழை, மணி, சாம்பல் என்று மூன்றே சத்துகளாக மண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை எதிர்த்தார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வாதத்தின் மையம். பயிரின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் மேல் அவருக்கு இருந்த ஆர்வத்தை அன்று பலர் கிண்டல் செய்தார்கள். இன்று அது மண்ணியலில் முக்கியமான துறை.

இந்தச் சண்டையில் அவருக்குத் துணை வந்த ஆதாரங்களில் ஒன்று நம்ம ஊரிலிருந்து போனது. நீலகிரி குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு செய்த ராபர்ட் மெக்காரிசன், 1920-களில் சாண எருவில் விளைந்த தானியத்தையும் ரசாயன உரத்தில் விளைந்ததையும் ஒப்பிட்டார். சாண எருவில் விளைந்ததில்தான் சத்து அதிகம் என்றார். 1939 மார்ச்சில் செஷயர் பகுதி குடும்ப மருத்துவர்கள் கூட்டிய கூட்டத்தில் மெக்காரிசன், ஹோவர்ட் இருவருமே பேசினார்கள். மண்ணும் மனித ஆரோக்கியமும் ஒரே சங்கிலி என்ற பேச்சு பொதுவெளிக்கு வந்ததில் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இயற்கை முறையில் விளைந்தது அவசியம் சத்து அதிகமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

1940-ல் அவருடைய 'ஆன் அக்ரிகல்ச்சுரல் டெஸ்டமென்ட்' வெளியானது. அமெரிக்காவில் அவர் எழுத்தைப் படித்த ரோடேல் என்ற பதிப்பாளர் 1942-ல் இயற்கை வேளாண்மைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். பிரிட்டனில் ஈவ் பால்ஃபர் முன்னின்று 1946-ல் சாயில் அசோசியேஷன் அமைப்பைத் தொடங்கினார். ஹோவர்ட் அதில் சேரவில்லை. விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை அவர். விமர்சித்த விஞ்ஞானிகளோடு மட்டுமல்ல, ஒரே பக்கம் நின்றவர்களோடும் முட்டிக்கொண்டார்.

இந்தியாவில் இந்தூர் முறை வேறு வடிவமும் எடுத்தது. 1939-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆச்சார்யா, நகரக் குப்பைக்காக, அடிக்கடி புரட்ட வேண்டிய தேவை இல்லாத பெங்களூரு முறையை உருவாக்கினார்.

1947 அக்டோபர் 20-ல் ஹோவர்ட் இறந்தார். இந்தியா விடுதலையாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1953-ல் அவருடைய இந்திய வேலைகள் பற்றி ஒரு முழுப் புத்தகம் வந்தது. எழுதியவர் அவருடைய இரண்டாவது மனைவி லூயிஸ். கேப்ரியலின் உடன்பிறந்த தங்கை. பூசாவிலும் இந்தூரிலும் நடந்தது ஒருவர் வேலை அல்ல, இருவர் வேலை என்பதை விரிவாகப் பதிவு செய்தது அவர்தான்.